பாட்டுக்குள் அடங்காத மில்லிகிராம்

2015 ஜூலை இறுதியில் கொடைக்கானலைப் பற்றிய ராப் பாடல் ஒன்று யூடியூபில் வெளிவந்தது. நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டுத்தான் நானும் அதைப் பார்த்தேன். சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப், அமெரிக்காவில் அப்போது பெரிய அளவில் எடுபட்டிருந்த ஒரு பாட்டின் மெட்டில், யூனிலீவர் நிறுவனத்தைப் பெயர் சொல்லி அழைத்து, மூடிக் கிடந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவுக்குப் பொறுப்பேற்கும்படி கேட்டிருந்தார். அதோடு சேர்ந்தே ஓர் இணைய மனுவும் வந்தது. பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நன்றி சொல்லி உடனே ஒரு மடல் வந்தது. நானும் ஏதோ சாதித்துவிட்ட நினைப்பில் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த நினைப்பு எவ்வளவு தவறானது என்பது பழைய செய்திகளைத் தேடிப் படித்தபோதுதான் உறைத்தது. 1980-களில் அமெரிக்காவிலிருந்து கொடைக்கானலுக்குப் பெயர்த்துக்கொண்டு வரப்பட்ட அந்த ஆலை, பின்னர் யூனிலீவரின் இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தார், என்ன நோய், எந்த மருத்துவச் சீட்டு என்று வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்து வைத்தவர்கள் அவர்களே. அந்தத் தாள்கள் இல்லாதிருந்தால் பாட்டு வெறும் வசவாகவே நின்றிருக்கும்.

ஆனாலும் பாட்டின் பங்கைக் குறைத்துச் சொல்வதும் நியாயமாகாது. அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் வழக்குக்கோ ஆர்ப்பாட்டத்துக்கோ கிட்டாத வெளிச்சம் அதற்குக் கிட்டியது. சில வாரங்களுக்குள் 20 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மனே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது. சவர்க்காரமும் ஷாம்பூவும் விற்கிற நிறுவனத்துக்கு நீதிமன்ற வாய்தாவைவிட வாங்குகிறவரின் முகச்சுளிப்பு அதிகம் வலிக்கும் என்று நினைக்கிறேன். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு கையெழுத்தானது. தொகை வெளியிடப்படவில்லை. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு விளைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. மனிதாபிமான அடிப்படையில் தருவதாகத்தான் அது சொன்னது.

மிச்சமிருந்தது மண். ஆலை வளாகத்தை ஒட்டிச் சரிகிறது பாம்பார் சோலை என்ற மலைக்காடு. வளாகத்து மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்ற அளவை வைத்துத் துப்புரவுப் பணி திட்டமிடப்பட்டது. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு இதைவிடப் பன்மடங்கு கடுமையான அளவு இருக்கும்போது கொடைக்கானலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று இயக்கத்தினர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மில்லிகிராமை மெட்டுக்குள் அடக்குவது எளிதல்ல. நோயுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு கொடு என்பது யாருக்கும் ஒரே வரியில் புரிந்துவிடுகிறது. சோலைக்குள் மழைநீரோடு இறங்குகிற, கண்ணுக்குத் தெரியாத ஓர் உலோகத்தின் அனுமதி அளவைப் புரியவைக்க, கேட்பவர் கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

2018-இல் சோஃபியா அஷ்ரஃப், கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோருடன் சேர்ந்து, இந்த மண்ணைப் பற்றி இரண்டாவது காணொளியை வெளியிட்டார். முதல் இணைப்பு வந்த அதே வாட்ஸ்அப் குழுவில் இதை நானே பகிர்ந்தேன். இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மூன்றாமவர் மட்டும் எழுதியிருந்தார்: “இதுதான் அப்பவே முடிஞ்சிடுச்சே?”