வேனுக்கு ஆள் இருந்தது, பட்டியலுக்குத்தான் இல்லை

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த பிறகு, போலந்து எல்லையோரம் உள்ள ப்ஷெமிஷில் ரயில் நிலையத்தில் தன்னார்வலனாகச் சில காலம் இருந்தேன். உக்ரைனின் லிவீவ் நகரிலிருந்து பல மணி நேரம் தாமதமாக வரும் ரயில்களில் காப்பகக் குழந்தைகளும் வருவார்கள், அவர்களை இறக்கிப் பேருந்தில் ஏற்றி அனுப்பும் குழுவில் எனக்குக் கிடைத்தது பட்டியல் சரிபார்க்கும் வேலை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறோம் என்று நினைத்துப் போனவன் கையில் அட்டையும் பேனாவும் கொடுத்தால் எப்படி இருக்கும்?

உக்ரைனில் போருக்கு முன் ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகள் காப்பகங்களிலும் விடுதிப் பள்ளிகளிலும் இருந்தார்கள், அதில் பாதிப் பேர் உடல், மனக் குறைபாடு உள்ளவர்கள். செய்திகளில் எல்லோரையும் அநாதைகள் என்றுதான் எழுதினார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ எங்கோ உயிரோடு இருந்தார்கள். வறுமை, குடி, நோய் என்று ஏதோ ஒன்று பிள்ளையைக் காப்பகத்தில் விட வைத்திருக்கும். அதனால்தான் கூடவரும் பொறுப்பாளர் கையெழுத்தில்லாமல் ஒரு குழந்தையும் நகரக் கூடாது, குழுவையும் பிரிக்கக் கூடாது.

இது புரியாமல் சண்டைக்கு வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் இரவெல்லாம் வேன் ஓட்டி வந்து, "நாலு பேரை என்னோட அனுப்புங்க, வீட்டில் கட்டில்கூடப் போட்டாச்சு" என்றார். முடியாது என்றதும் கத்தினார், அப்புறம் அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் 2007-இல் சாட் நாட்டில் ஒரு பிரெஞ்சு அமைப்பு, பக்கத்து நாடான சூடானின் தார்ஃபூர் பகுதி அநாதைகள் என்று சொல்லி 103 குழந்தைகளை விமானம் ஏற்றப் பார்த்தது. விசாரித்தால் பெரும்பாலோர் சாட் குழந்தைகள், வீட்டில் பெற்றோர் இருந்தார்கள். நல்ல மனசு மட்டும் இருந்தால் வேலை இப்படித்தான் முடியும்.

தலையை எண்ணினால் போதாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஒரு குழுவில் காப்பக அம்மா ஒவ்வொரு ஜாக்கெட்டின் காலருக்குள்ளும் துணிப்பட்டை தைத்து, பெயர், பிறந்த தேதி, போன் எண் எல்லாம் எழுதியிருந்தார். எண்ணிக்கை சரி, பட்டைகளும் சரி, ஆனால் அவர் ஒரு பையன் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! ரயிலில் வரும்போது பையன்கள் நிறம் பிடித்துப்போய் ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவன் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவன். அவர் மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால் மாத்திரை யாருக்குப் போயிருக்கும்? அன்று முதல் எங்கள் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் படமும் சேர்ந்தது. போர்க்கால விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைக்குப் படம் ஒட்டிய அட்டை வேண்டும் என்று 78-ஆம் பிரிவில் அப்போதே சொல்லிவிட்டது. நாங்கள்தான் படிக்கவில்லை.

மறுபக்கத்தில் ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகள் விஷயத்தில், 2023 மார்ச் 17 அன்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் புதினுக்கே பிடிவாரண்ட் போட்டது. அந்தக் குழந்தைகளைத் தேடுபவர்களுக்கும் பெயர், படம், கடைசியாக இருந்த காப்பகம் என்ற இதே விவரங்கள்தான் வேண்டியிருக்கிறது.

பேருந்து கிளம்பினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். குழு ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் புதிய முகவரியை உக்ரைன் தூதரகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், பட்டியலைத் திருத்த வேண்டும். மார்ச்சில் வேன் ஓட்ட நான் நீ என்று போட்டி போட்ட எங்கள் கூட்டத்தில், ஆகஸ்டில் இதற்கு மிஞ்சியது நானும் உக்ரைனிய மொழி தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையும்தான். போனில் பேசியதெல்லாம் அவர், நான் தட்டச்சு மட்டும்.