ஏழு மில்லிமீட்டர்

அப்பாவுக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் புண். நாற்பது வருடமாக வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கி வைத்த அதே இடம். பக்கத்துத் தெரு கிளினிக்கில் களிம்பு தடவியே இரண்டு மாதம் போனது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அப்புறம்தான் பயாப்சி, புற்றுநோய் என்று ரிப்போர்ட்.

அன்று இரவே இணையத்தில் உட்கார்ந்தேன். வயது, கட்டியின் அளவு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டு, ஐந்து வருடம் இருப்பாரா என்று சதவீதத்தில் சொல்லும் பக்கங்கள் இருக்கின்றன. கட்டி 1.8 செ.மீ., நெறி இல்லை என்று போட்டேன். நல்ல எண்ணாக வந்தது. தூங்கினேன்.

ஆபரேஷனில் கழுத்தையும் திறந்து நெறிகளை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "கைக்குத் தட்டுப்படவே இல்லையே சார், எதுக்கு?" என்றேன். மும்பை டாடா மருத்துவமனையின் 2015 ஆய்வைச் சொன்னார். ஆரம்ப நிலை வாய்ப்புற்றில் முதலிலேயே நெறிகளை எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம். சரி என்றேன்.

எடுத்த 32 நெறிகளில் ஒன்றில் நோய் இருந்தது. கட்டியின் ஆழம் 7 மி.மீ. நான் அகலத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! 2018 முதல் புழக்கத்தில் உள்ள நிலைக் கணக்கில், ஆழம் 5 மி.மீ. தாண்டினால் 2 செ.மீ.க்குக் குறைந்த கட்டியும் ஒரு படி ஏறிவிடும். நெறியும் சேர்ந்ததால் அப்பா மூன்றாம் நிலை. நெறியின் உறையைத் தாண்டி நோய் வெளியே வரவில்லை, வெட்டிய ஓரங்களும் சுத்தம். அந்த இரண்டில் ஒன்று தப்பியிருந்தால் கரண்டோடு (கதிர்வீச்சு) கீமோவும் பேசியிருப்பார்கள்.

கரண்ட் 30 தடவை, ஆறு வாரம். ஆடிய பற்களை முன்பே பிடுங்கிவிட்டோம். நாலாவது வாரம் மோர்கூட எரிந்தது. மூக்கு வழியாக டியூப்.

கடைசி நாள் அதே கேள்வியை டாக்டரிடம் கேட்டேன், ஐந்து வருடம் இருப்பாரா என்று. "திரும்பி வந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துலதான். செக்கப்பைத் தவறவிடாதீங்க, புகையிலை பக்கம் போகக் கூடாது" என்றார். எண் சொல்லவில்லை. புது விவரங்களை அந்தப் பக்கத்தில் போட்டுப் பார்க்க எனக்கும் கை வரவில்லை.

இது பத்தொன்பதாவது மாதம். வாய் திறக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துக்கொள்கிறார். ஒன்பது குச்சியில் ஆரம்பித்தது, இப்போது பதினேழு. நேற்று பதினெட்டாவதைச் செருகப் பார்த்தார். அம்மா பிடுங்கி வைத்துவிட்டார்.