கார்வையில் தோற்ற கதை: மாண்டலின் படிப்பவர்களுக்கு என் அனுபவம்

மயிலாப்பூரில் ஒரு சபா, இளைஞர்களுக்கான மதியக் கச்சேரிக்குத் தேர்வு வைத்திருந்தது. நான் மாண்டலினில் சஹானா ராகக் கீர்த்தனை ஒன்றை விளம்ப காலத்தில் வாசித்தேன். பல்லவி ஒழுங்காகப் போயிற்று. அடுத்த பகுதியான அனுபல்லவியில் ஒரு நீண்ட கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தில் நீடித்து நிற்கும் இடம், வரும். விரல் அங்கே நின்றது, ஒலி நீடிக்கவில்லை. பதற்றத்தில், மேற்கத்திய இசையில் செய்வதுபோல் கம்பியை மீட்டும் தகடான பிக்கை மேலும் கீழும் வேகமாக ஆட்டி அந்த இடைவெளியை நிரப்பினேன். தேர்வுக்கு வந்திருந்த பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வாத்தியத்தைக் கீழே வெச்சிட்டு அந்த வரியை மட்டும் பாடுங்கோ" என்றார். எனக்குப் பாட வரவில்லை. அந்தக் கீர்த்தனையை எட்டு மாதமாக வாசித்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஒரு முறைகூடப் பாடிப் பார்த்ததில்லை. தேர்வாகவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என்னென்ன மாற்றிக்கொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். கர்நாடக சங்கீதமும் வேண்டும், மற்ற பாணிகளும் வேண்டும் என்று ஆசைப்படும் மாண்டலின் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

மாண்டலினின் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். மீட்டிய உடனே ஒலி அடங்கத் தொடங்கிவிடும். வயலினுக்கு வில் இருக்கிறது, நாகஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது. மாண்டலின் கம்பியோ சிறியது, அதிரும் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர்தான். வீணையில் கிடைக்கும் நீண்ட ரீங்காரத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. உலகத்தில் எங்கெல்லாம் இந்த வாத்தியம் போனதோ, அங்கெல்லாம் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். இத்தாலியில் ஒரே ஸ்வரத்தை இடைவிடாமல் மீட்டி நீட்டினார்கள், அதுதான் ட்ரெமலோ. அமெரிக்காவில் பில் மன்றோவின் புளூகிராஸ் என்ற நாட்டார் பாணி நீட்டவே முயலவில்லை. இரண்டாவது, நான்காவது தட்டில் கம்பிகளை வெட்டுவதுபோல் அடித்து உடனே அமுக்கி, மாண்டலினையே தாள வாத்தியம் ஆக்கிவிட்டது. பிரேசிலின் ஷோரோ இசையில் ஜாக்கோப் தோ பாண்டோலிம் போன்றவர்கள் துள்ளும் லயத்தால் இடைவெளிகளை நிரப்பினார்கள். நம் ஊரில் யு. ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார்? இரட்டைக் கம்பிகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கம்பிகள் போட்டார், மின்சார மாண்டலினைக் கையில் எடுத்தார். ஒலிபெருக்கி இருந்தால் அடங்கிக்கொண்டே போகும் ஒலியின் வால்கூடக் காதில் விழும். அந்த வாலில்தான் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் அழகு, உயிரோடு இருக்கிறது.

இது புரிந்த பிறகு எனக்குப் பல விஷயங்கள் தெளிவாயின. சபாத் தேர்வில் நான் செய்தது, ஒரு பாணியின் விடையை இன்னொரு பாணியின் கேள்விக்கு எழுதியது.

சரி, யாரிடம் கற்றுக்கொள்வது? சென்னையில் பாட்டுக்கும் வயலினுக்கும் தெருவுக்கு ஒரு ஆசிரியர் கிடைப்பார். மாண்டலினுக்கு அப்படி இல்லை. இதை நினைத்துக் காத்திருந்து வருடங்களை வீணாக்காதீர்கள். ஸ்ரீநிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாசிப்பான். அப்படிப் படித்த பையன் 1981-ல் சென்னையில் முதல் கச்சேரி செய்தபோது வயது 12. இரண்டு வருடம் கழித்து பெர்லின் ஜாஸ் விழாவில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். பின்னாளில் ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேனோடு ரிமெம்பர் சக்தி குழுவிலும் வாசித்தார். இஸ்ரேலைச் சேர்ந்த அவி அவிட்டல் இன்று பாஹ், விவால்டி தொடங்கி நாட்டார் இசைவரை மாண்டலினில் வாசிக்கிறார். சிறுவயதில் அவருக்கு மாண்டலின் கற்றுத் தந்த சிம்ஹா நாதன்சன் ஒரு வயலின் கலைஞர். இரண்டு பேருமே வேறு குரலை, வேறு வாத்தியத்தைக் கேட்டு மாண்டலினுக்கு வந்தவர்கள். இது எனக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

நான் மேற்கு மாம்பலத்தில் ஒரு பாட்டு டீச்சரிடம் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் மாண்டலினை உறையிலிருந்து எடுக்கவே விடவில்லை. "முதல்ல பாடு, அப்புறம் கையில எடு" என்பார். குரல் நன்றாக இல்லை என்று தயங்கினேன். "கச்சேரி பண்ணவா கூப்பிடறேன்? கார்வை எத்தனை அட்சரம்னு தொண்டைக்குத் தெரியணும்" என்றார். நான்காம் மாதம் மோகன வர்ணத்தை முழுக்கப் பாடிவிட்டு வாசித்தபோது, எங்கே மீட்ட வேண்டும் என்று கை தானாகவே கேட்க ஆரம்பித்தது.

இந்த 'எங்கே மீட்டுவது' என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் போலப் பலர் தவறுவது இங்கேதான். வீணை வாசிப்பவர்கள் சாகித்யத்தின் (பாடல் வரிகளின்) எழுத்து விழும் இடத்தில் மீட்டுவார்கள். ஒரே எழுத்து நீண்டு பல ஸ்வரங்களில் போகும்போது மறுபடி மீட்டாமல் இடது கையால் இழுத்தோ ஜாருவாகச் சறுக்கியோ கொண்டுபோவார்கள். மாண்டலினில் நாம் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மீட்டு போட்டுவிடுகிறோம். பிக் கையில் இருப்பதால் அது சுலபம். கேட்பவருக்கோ சாகித்யம் உதிரி உதிரியாகக் கேட்கும். நான் செய்த பயிற்சி இது: கீர்த்தனையின் சாகித்யத்தை நோட்டில் எழுதி, எழுத்து விழும் இடங்களில் மட்டும் சிவப்புப் புள்ளி வைத்தேன். புள்ளி இல்லாத இடத்தில் வலது கை அசையக் கூடாது. முதல் வாரம் பாதி ஸ்வரங்கள் காணாமல் போகும், ஒலி அதற்குள் செத்துவிடும். பயப்படாதீர்கள். இடது விரலின் அழுத்தமும் சறுக்கும் வேகமும் மெல்ல மெல்ல அதற்கேற்ப மாறும். எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.

எட்டுக் கம்பி மாண்டலின் வைத்திருப்பவர்கள் கர்நாடக சங்கீதத்துக்காக ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைக் கழற்றிவிடுவது நல்லது. ஜோடிக் கம்பிகளைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடாது, சுருதி பிளந்து கேட்கும். முடிந்தால் இரண்டு வாத்தியம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கமகத்துக்கு, மற்றொன்று மேற்கத்திய இசைக்கு. பழைய வாத்தியமே போதும். எது மடியில் இருக்கிறதோ அதற்கேற்ப உடம்பே பாணியை மாற்றிக்கொள்கிறது.

இனி மேற்கத்திய பக்கம். அதே ஒன்றரை வருடத்தில் டிரினிட்டி காலேஜ் லண்டனின் கிரேடு 5 தியரி தேர்வும் எழுதினேன். அது நூறு மதிப்பெண்ணுக்கு. 60 எடுத்தால் தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். நான் 78 எடுத்தேன். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு) படிக்கத் தெரிந்தால் மாண்டலின்காரருக்குப் பெரிய கதவு திறக்கும். மேற்கத்திய முறையில் மாண்டலினுக்கும் வயலினுக்கும் ஒரே சுருதி அமைப்பு, ஜி, டி, ஏ, இ. ஆகவே வயலினுக்கு எழுதிய எதையும் அப்படியே படித்து வாசிக்கலாம். கிறிஸ் தீலி என்ற அமெரிக்கக் கலைஞர் புளூகிராஸில் வளர்ந்தவர். பாஹ் தனி வயலினுக்கு எழுதிய சோனாட்டா, பார்ட்டிட்டாக்களில் சிலவற்றை மாண்டலினில் வாசித்து 2013-ல் ஒலித்தட்டாக வெளியிட்டார்.

தியரியில் என்னை வதைத்தது கீ சிக்னேச்சர், அதாவது எது ஷட்ஜம் என்று காட்ட வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃபிளாட் குறிகள். மனப்பாடம் செய்தேன், மறந்தேன், மறுபடி செய்தேன். கடைசியில் ஸ்வரமாக யோசித்ததும் சுலபமாகிவிட்டது. மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரஸ்தானங்கள்தானே? ஷார்ப்கள் இருந்தால் கடைசி ஷார்ப்பை நிஷாதம் (நி) என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அடுத்த அரை ஸ்வரம் ஷட்ஜம் (ச). ஃபிளாட்கள் இருந்தால் கடைசி ஃபிளாட் மத்யமம் (ம), அங்கிருந்து இறங்கி ஷட்ஜத்தைப் பிடியுங்கள். இரண்டு ஷார்ப்பா? கடைசி சி ஷார்ப் நிஷாதம், ஆக டி ஷட்ஜம். மைனர் ஸ்கேலுக்குத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். 6/8 தாளத்தை ரூபகம்போல் ஆறு தட்டாக எண்ணாமல், திஸ்ர நடையில், தட்டுக்கு மூன்றாக, இரண்டு தட்டாக எண்ணுங்கள். இதில் மட்டும் மாதிரித் தேர்வுகளில் நான் இழந்த மதிப்பெண் கொஞ்சம் இல்லை.

இரண்டு உலகங்களையும் இணைக்கும் பாலம் வேண்டுமென்றால் நோட்டுஸ்வரங்களை எடுங்கள். முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சம்ஸ்கிருத சாகித்யம் அமைத்தவை அவை. அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மணலி முதலியார் ஆதரவில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். நம் சென்னையில் இருநூறு வருடங்களுக்கு முன்பே நடந்த காரியம் இது. பாரிமுனைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்தச் சகோதரர்கள் நினைவு வரும். நோட்டுஸ்வரத்தில் கமகம் கிடையாது, ஆகவே ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிப் பார்க்கவும் அருமையான பயிற்சி.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் அமெரிக்க நாட்டார் மெட்டுகள் பலவற்றில் வரும் ஐந்து ஸ்வரங்களும் ஒன்றே. இதனால் புளூகிராஸ் பழகியவர்களுக்கு மோகனம் சுலபமாகத் தோன்றும். ஆனால் அங்கே சாதாரண காந்தாரத்திலிருந்து (கீழ் க) அந்தர காந்தாரத்துக்குச் (மேல் க) சறுக்குவது அழகு. மோகனத்தில் அதே சறுக்கல் வந்தால் ராகத்துக்கு அந்நியமான ஸ்வரம் உள்ளே நுழைந்துவிடும். இந்த ஒரு சறுக்கலை விரலிலிருந்து களைய எனக்கு ஒரு மார்கழி முழுக்கத் தேவைப்பட்டது. அந்த மார்கழியில் சபாக்களின் மதியக் கச்சேரிகளுக்கு, டிக்கெட் இல்லாதவற்றுக்கு, நாள்தோறும் போனேன். மோகனம் யார் பாடினாலும் காந்தாரத்தை மட்டும் கவனித்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்: ஒரு கச்சேரிக்கு ஒரு ஸ்வரம்.

இரண்டு பாணிகளையும் ஒரே அமர்வில் பயிற்சி செய்யாதீர்கள். நான் காலையில் கர்நாடகம், இரவில் மேற்கத்தியம் என்று பிரித்துக்கொண்டேன்.

அடுத்த வருடத் தேர்வுக்கு அதே சஹானாவையே எடுத்துக்கொண்டு போனேன். வேறு கீர்த்தனை வாசி என்று வீட்டில் சொன்னார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபல்லவி வந்தது. கார்வையில் ஒரே மீட்டு, வலது கையை அப்படியே நிறுத்திவிட்டு, மனதுக்குள் பாடிக்கொண்டே இடது விரலால் ஸ்வரத்தைப் பிடித்திருந்தேன். ஒலி மெலிந்தது, ஆனால் அடுத்த எழுத்து வரும்வரை அறுபடவில்லை. யாரும் நிறுத்தவில்லை. பதினைந்து நாள் கழித்து, மதியம் ஒன்றரை மணிக் கச்சேரிக்குத் தேதி கொடுத்தார்கள்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. புதுக் கம்பியை முந்தின நாள் மாற்றாதீர்கள், இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நாலைந்து நாள் முன்பே மாற்றி, தினமும் வாசித்துப் படியவிடுங்கள். நம் ஊர்க் கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு உறையில் வையுங்கள்.