ஒரு மில்லிசெக்கன் சுற்றுக்கு ஈதர்நெற் ட்ரைவர் எழுதுவது

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை, பொதி கட்டும் லைனில் ஆறு சேர்வோ மோட்டர், லினக்ஸ் போட்ட ஒரு கொம்பியூட்டர், இடையில் ஈதர்கற் (ஒரே பிறேம், அதாவது டேட்டாப் பொதி, எல்லா மோட்டரையும் சுற்றித் திரும்பி வரும் ஈதர்நெற் முறை) என்று வைத்துக்கொள்வோம். சுற்று, அதாவது கட்டளை அனுப்பிப் பதில் வாங்கும் இடைவெளி, 1 மில்லிசெக்கன். 200 பைட் பிறேம் ஒன்று 100 மெகாபிற் வயரில் ஏற ஏறத்தாழ 18 மைக்ரோசெக்கன் போதும். மோட்டர்களைச் சுற்றி வரும் தாமதத்தைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறாது. ஆக, நேரம் தின்னுவது வயர் அல்ல, பெட்டிக்குள் நெற்வேர்க் காட்டை இயக்கும் மென்பொருளான ட்ரைவர்.

சாதாரண ட்ரைவர் நிறைய டேட்டா இழுப்பதற்காக எழுதப்பட்டது. கல்முனை பஸ் ஸ்டாண்டில் சனம் நிறையும்வரை நிற்கிற வான் மாதிரி, நெற்வேர்க் காட் சில பிறேம்கள் சேரும்வரை பொறுத்துத்தான் இன்டரப்ட் (சிபியூவைக் கூப்பிடும் சைகை) அடிக்கும். வீடியோ பார்க்க அது நல்லது, மோட்டருக்கு ஆகாது. அந்தக் காத்திருப்பு நேரத்தைப் பூச்சியமாக்கலாம். ஆனால் இன்டரப்டையே விட்டுவிடுவதுதான் என் தெரிவு. பிறேமை அனுப்பியது நாம், அது எப்போது திரும்பும் என்பதும் நமக்குத் தெரியும். சுற்று தொடங்கியதும் போன சுற்றில் வந்ததை எடுத்து, கணக்குப் பார்த்து, புதியதை அனுப்பினால் முடிந்தது.

சுற்றுக்குள் மெமரி கேட்கக் கூடாது. தொடக்கத்திலேயே அனுப்பும் பிறேமை வைக்கும் மெமரித் துண்டு (பஃபர்) இரண்டை ஒதுக்கி மாறி மாறிப் பாவியுங்கள். ஒன்றைக் காட் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும்போது அதன்மேல் எழுதிவிட்டால் பாதி பழசு, பாதி புதுசாகப் போகும்.

பஃபர் எங்கே என்று நெற்வேர்க் காட்டுக்குச் சொல்லும் குறிப்பான டிஸ்கிரிப்டரில் எழுதும் வரிசைதான் முக்கியம். முதலில் முகவரியும் நீளமும், பிறகு மெமரி பாரியர் (முன்னே எழுதியது முடியாமல் பின்னே எழுதுவது போகாதபடி தடுக்கும் கட்டளை), அதன்பிறகே 'இது நெற்வேர்க் காட்டுக்குச் சொந்தம்' என்ற பிற், கடைசியில் 'அனுப்பு' என்று சொல்லும் டோர்பெல் ரெஜிஸ்டர். இன்டெல் பெட்டியில் பாரியரை மறந்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். அதே புரோகிராமை ஆர்ம் போர்டில் போட்டால் எப்போதாவது ஒருமுறை பழைய பிறேம் போகும், அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

லிங்க் இருக்கிறதா என்று பார்ப்பதையும் சுற்றுக்குள் வைக்காதீர்கள். எம்டிஐஓ (வயர் இணையும் சிப்போடு பேசும் மெதுவான இணைப்பு) வழியே ஒரு ரெஜிஸ்டர் வாசிக்க, 2.5 மெகாஹேர்ட்ஸில் 64 பிற், அதாவது 25.6 மைக்ரோசெக்கன். குறைந்த முன்னுரிமை கொண்ட தனித் த்ரெட்டுக்குத் தள்ளிவிடுங்கள். மின் சேமிக்கும் ஈதர்நெற்றையும், சிபியூ ஆழத் தூங்கும் நிலைகளையும் அணைக்க வேண்டும். லினக்ஸ் 6.12 முதல் ரியல் டைம் வசதி (வேலையைக் குறித்த நேரத்துக்குள் தொடங்க வைப்பது) மூலக் கேர்னலிலேயே இருக்கிறது. ஆனால் பயோஸ் சிபியூவைப் பறித்துக்கொள்ளும் எஸ்எம்ஐ என்ற இன்டரப்டை எந்தக் கேர்னலாலும் தடுக்க முடியாது. மதர்போர்ட் வாங்கும் முன், தாமதத்தை அளக்கும் சைக்கிளிக்டெஸ்ட் புரோகிராமை லோட் கொடுத்து இரவு முழுக்க ஓடவிட்டு, சராசரியை விட்டு உச்ச எண்ணை மட்டும் பாருங்கள்.

லைன் நின்றால், பிறேமில் ஒவ்வொரு மோட்டரும் கூட்டிவிடும் எண்ணான வேர்க்கிங் கவுன்டரைப் பாருங்கள். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த கட்டளைக்கு ஒரு மோட்டர் 3 கூட்டும், ஆறுக்கு 18. 15 வந்தால் ஒரு மோட்டர் பதில் தரவில்லை. பிறேமே வராவிட்டால் ட்ரைவரைச் சந்தேகிக்கும் முன் வயரைப் பாருங்கள். கடல் பக்கம் உப்புக்காற்று, ஆலைக்குள் உமித்தூசி. ஆர்ஜே45 முனை கறுத்துவிடும். ஒவ்வொரு மோட்டரிலும் ஹெக்ஸ் 0300 ரெஜிஸ்டரிலிருந்து போர்ட் வாரியாகப் பிழை எண்ணிக்கை இருக்கும். பிறேம் போகும் வழியில் எந்த மோட்டரில் அது முதலில் ஏறுகிறதோ, அதற்கு முந்திய கேபிளைக் கழற்றி மாற்றுங்கள்.