ஈஐசிஆர் அறிக்கையில் முதல் பக்கம் மட்டும் போதாது

இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு எடுத்தால் ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப்களில் ஈஐசிஆர் என்று ஒன்று இருக்கும். வீட்டு வயரிங்கைச் சோதித்துக் கொடுத்த அறிக்கை அது. முதல் பக்கத்தில் 'சாட்டிஸ்ஃபாக்டரி' என்று இருந்தால் பலரும் அத்தோடு மூடிவிடுகிறார்கள். சோதனை ஒழுங்காக நடந்ததா, ஒப்புக்கு நடந்ததா என்பது உள்பக்கங்களில்தான் தெரியும்.

சட்டம் சுருக்கமானது. 2020-இல் வந்த விதிகள் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கு அந்த ஆண்டு ஜூலை 1 முதலும், ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும் பொருந்துகின்றன. குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. அறிக்கையே அதற்கு முந்தைய தேதியைக் குறித்திருந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. நீங்கள் குடிபுகும் முன் பிரதி கையில் இருக்க வேண்டும். குடியிருக்கும்போது சோதனை நடந்தால் 28 நாளுக்குள் தர வேண்டும். படிக்க வரும் மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டுக்காரர் குடும்பத்தோடு சமையலறை, குளியலறையைப் பகிர்ந்துகொண்டு ஒரு அறையில் இருந்தால் இந்த விதிகள் உங்களுக்குப் பொருந்தாது.

இனி உள்ளே வருவோம். கண்ட குறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு போட்டிருப்பார்கள். சி1 என்றால் இந்த நிமிடமே ஆபத்து: மின்சாரம் ஓடும் கம்பி கைபடும் இடத்தில் திறந்து கிடப்பது, பியூஸ் பாக்ஸில் மூடாத சந்தில் விரல் நுழைவது. சி2 என்றால் இன்றைக்கு ஷாக் அடிக்காது, கூடவே இன்னொரு கோளாறு வந்தால் அடிக்கும். காஸ், தண்ணீர்க் குழாய்களை எர்த்தோடு இணைக்கும் பச்சை-மஞ்சள் வயர் இல்லாதது, உலோக விளக்குகளுக்கு எர்த் இல்லாதது எல்லாம் இதில் வரும். எஃப்ஐ என்றால் மேலும் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கை 'அன்சாட்டிஸ்ஃபாக்டரி'தான். சி3 வெறும் பரிந்துரை. சூடான அடையாளம் எதுவும் இல்லாத பழைய பிளாஸ்டிக் பியூஸ் பாக்ஸ் போன்றவை. அதற்காக வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

சி2-வில் எனக்கு அதிகக் கவலை தருவது அறுந்துபோன ரிங் சர்க்யூட். சாக்கெட்டுகளுக்கான 2.5 சதுர மி.மீ. கேபிள் பியூஸ் பாக்ஸில் புறப்பட்டு, எல்லா சாக்கெட்டையும் தொட்டு, அங்கேயே திரும்பி வரும். கரண்ட் இரண்டு வழியாகப் பிரிவதால்தான் அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கர் போடுகிறார்கள். நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போனாலும் சாக்கெட்டுகள் முன்போலவே வேலை செய்யும், வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் கெட்டில், ஹீட்டர், வாஷிங் மெஷின் மூன்றின் சுமையும் ஒரே கேபிளில் ஏறலாம். பிரேக்கர் டிரிப் ஆகாது, சுவருக்குள் கேபிள் சூடாகும். இதற்கு சி3 போட்டிருந்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

இந்தக் கோளாறைப் பிடிப்பது சோதனை அட்டவணையில் இருக்கும் ஆர்1, ஆர்என், ஆர்2 என்ற மூன்று எண்கள்; ரிங்கின் லைவ், நியூட்ரல், எர்த் கம்பிகளின் மின்தடை அவை. வழக்கமான தட்டைக் கேபிளில் எர்த் கம்பி 1.5 சதுர மி.மீ.தான். அதனால் முதல் இரண்டு எண்களும் ஏறக்குறைய சமமாகவும், மூன்றாவது அவற்றைப்போல் சுமார் 1.67 மடங்காகவும் வர வேண்டும். மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் உண்மையில் அளந்தார்களா என்ற சந்தேகம் நியாயமானது. 'இசட்எஸ்' பத்தியும் (கோளாறு நேர்ந்தால் கரண்ட் எர்த் வழியாகச் சுற்றிவரும் பாதையின் தடை) அப்படித்தான்; கேபிளின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்து மாற வேண்டிய எண் அது, எல்லா சர்க்யூட்டுக்கும் ஒன்றாகவே வராது. இன்சுலேஷன் பத்தியில் எல்லா வரியிலும் '200-க்கு மேல்' என்று இருப்பது சகஜம், சில மீட்டர்களின் உச்ச அளவு அது. அங்கே 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால்தான் தவறு.

'லிமிட்டேஷன்ஸ்' பகுதியைத் தவறாமல் படியுங்கள். எதைச் சோதிக்கவில்லை, ஏன் என்று அங்கே எழுத வேண்டும். வீட்டில் கரண்டையே நிறுத்தாமல் செய்த சோதனை என்றால் மேலே சொன்ன ஆர்1, ஆர்என், ஆர்2 எண்களும் இன்சுலேஷன் எண்களும் கிடைத்திருக்க வழியில்லை. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது பிடிக்கும்; அரை மணியில் கிளம்பிப் போயிருந்தால் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்து வையுங்கள்.

அறிக்கை 'அன்சாட்டிஸ்ஃபாக்டரி' என்று வந்திருந்தால் வீட்டுக்காரர் 28 நாளுக்குள், அறிக்கை அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதற்குள், வேலையை முடிக்க வேண்டும். புதிதாக இன்னொரு ஈஐசிஆர் தேவையில்லை. பழைய அறிக்கையும், வேலை முடிந்ததாகத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் எழுத்தில் தந்த உறுதியும் சேர்ந்தால் போதும். இரண்டையும் உங்களுக்குத் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. வராவிட்டால் முதலில் ஈமெயிலில் தேதியோடு கேளுங்கள், பிறகு அந்த ஈமெயிலையும் அறிக்கையையும் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். 30,000 பவுண்டாக இருந்த உச்ச அபராதம் 2025 நவம்பரில் 40,000 ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் கொடுத்த பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் இந்த அறிக்கை தொடாது. ஸ்காட்லாந்தில் அவற்றையும் சோதிப்பது 2015 டிசம்பர் முதல் கட்டாயம். இங்கிலாந்தில் தனியார் வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிளக் சூடானாலோ சாக்கெட் பழுப்பேறினாலோ அதை உபயோகிப்பதை நிறுத்தி, போட்டோ எடுத்து அன்றே அனுப்புங்கள்.