இதர விவரம்

2020 ஏப்ரலில் கொரோனா கணக்கெடுப்புக்காக என் கையில் கொடுத்த படிவத்தில் ஏழு கட்டங்கள். பெயர், வயது, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வெளியூர் போய் வந்தாரா, கடைசியில் ஒடுக்கமாக ‘இதர விவரம்’. நான் ஏற்காடு மலையில் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தேடிப் போகிறவள், அந்த மாதங்களில் வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன்.

ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் மூன்று பிள்ளைகளின் தாய். திருப்பூரிலிருந்து திரும்பிய புருஷன் திண்ணையை விட்டு நகரவில்லை. “காய்ச்சலெல்லாம் இல்ல நர்சம்மா. அந்தத் தலைவலி மாத்திரை இருந்தா குடுங்க” என்றாள். அவளுக்குத் தலைவலி கிடையாது. மாலா-என் மாத்திரைக்கு எங்களுக்குள் அதுதான் பெயர். பையில் பாராசிட்டமால்தான் இருந்தது. காய்ச்சல் கணக்கெடுக்கப் போகிறவள் கருத்தடை மாத்திரையை எதற்கு எடுத்துப் போகப் போகிறாள்? பாராசிட்டமால் கவருக்குள் இரண்டு அட்டையை ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுக்கப் பத்து நாளாகிவிட்டது. தை மாதம் அவளுக்கு நாலாவது பிறந்தது. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் கேட்டது மாத்திரை.

அன்றிலிருந்து நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குறிக்கத் தொடங்கினேன்.

நாப்கினுக்குத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். ஊரடங்கு தொடங்கியபோது வந்த அத்தியாவசியப் பொருள் பட்டியலில் அதன் பெயரே இல்லை. மளிகை என்றால் சோப்பும் நாப்கினும் சேர்த்திதான் என்று மத்திய உள்துறை விளக்கம் கொடுத்தது மார்ச் 29இல். நாலு நாள்தானே என்று தோன்றும். மலைக்கடைக்குச் சரக்கு ஏற அதற்கு மேலும் ஆனது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகத் தரும் புதுயுகம் நாப்கின் பள்ளியில் கிடைப்பது. பள்ளிக்குப் பூட்டு. பிள்ளைகள் பழந்துணிக்குத் திரும்பினார்கள். ஏற்காட்டுக் கோடை மழையில் துணி எங்கே காய்கிறது!

காகிதத்தில் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரசவம், தடுப்பூசி போன்ற சேவைகள் நிற்கக் கூடாது என்று ஏப்ரல் 14 அன்றே மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் அனுப்பியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது ஆஸ்பத்திரி பக்கம் போக முடியாமலும் பயந்தும் தாய்மார்கள் செத்த கதை தெரிந்தவர்கள் எழுதியிருப்பார்கள். சரி, ஆனால் அந்தச் சேவைக்கு நடக்க வேண்டிய காலும் காய்ச்சல் கணக்கெடுக்கிற காலும் ஒன்றுதான். எங்களோடு நடந்த ஆஷா பெண்களுக்கு, அதாவது ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களுக்கு, கொரோனா வேலைக்காக மாதம் 1000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. ஆயிரத்துக்கு எத்தனை மேடு ஏறுவது என்று யாரும் கேட்கவில்லை.

மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 16ஆம் தேதி மறுபடி திறந்துகொண்டது. அப்போதும் மலைக்குப் பஸ் வரவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு ஸ்கேன் பார்க்கப் போக வேண்டியவள் வீட்டில் இருந்தாள். கன்னம் வீங்கியிருந்த ஒருத்தியிடம் பெண்கள் உதவி எண் 181ஐச் சொன்னேன். வீட்டில் ஒரே போன், அதுவும் அவர் சட்டைப் பையில் என்றாள். இதையும் குறித்துக்கொண்டேன்.

எங்களுக்கும் அதே கதைதான். என் சித்தி மகள் ஸ்டாஃப் நர்ஸ், கொரோனா வார்டில் டியூட்டி. கவச உடையைப் போட்டால் கழற்றும்வரை கழிவறை கிடையாது. மாதவிலக்கு நாளிலும் அப்படியே. 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. பால் கொடுக்கிறவள் என்பதால் அவளுக்கு இல்லை. தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளையும் பாலூட்டுகிறவர்களையும் சேர்க்கவில்லை. சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் ஊசி இல்லை. வார்டுக்குப் போக மட்டும் எந்தத் தரவும் தேவைப்படவில்லை! பாலூட்டுகிறவர்களுக்கு அனுமதி மே 19இல்தான் வந்தது, இரண்டாம் அலை ஊரையே அள்ளிக்கொண்டிருந்தபோது. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2.

அந்த ஜூலையில் மூன்றாம் அலைக்கான ஆய்வுக் கூட்டம். புதுப் படிவம் கொடுத்தார்கள். கட்டங்கள் பதினொன்று ஆகியிருந்தன. என் பென்சில் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். கருத்தடை மாத்திரை தீர்ந்ததா, நாப்கின் வந்ததா, வீட்டில் அடி விழுகிறதா, இதற்கெல்லாம் கட்டம் வேண்டும் என்றேன். அதிகாரி இளைஞர், பொறுமையாகத்தான் கேட்டார். “படிவம் மேலிருந்து வர்றது சிஸ்டர், நாம மாத்த முடியாது. ‘இதர விவரம்’ இருக்குல்ல, அதுல எழுதிடுங்க.”

அந்தக் கட்டம் ஓரங்குல அகலம். இரண்டு வீட்டு விவரம்கூட அடங்கவில்லை. ஒரு முழுத்தாளை மடித்து, பசை தடவி, அந்தக் கட்டத்தின் மேலேயே ஒட்டி அனுப்பினேன். அடுத்த மாதம் அலுவலகத்தில் படிவங்களை அடுக்கும்போது பார்த்தேன், என்னுடையதோடு இன்னும் இரண்டு புடைத்துக்கொண்டு நின்றன.