18 நாடுகளுக்கு ஒரே காப்புரிமை: நாங்கள் பெற்ற விதம்

எங்கள் சிறு நிறுவனத்தின் வடிகட்டிக் கருவிக்குக் காப்புரிமை வழங்கத் தயார் என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பழைய முறையில் ஆய்வு மட்டுமே பொது. வழங்கிய மறுகணமே காப்புரிமை நாடு நாடாகப் பிரிந்துவிடும். கட்டணமும் வழக்கும் அந்தந்த நாட்டில்தான். இதை மாற்ற 1975இல் லக்சம்பர்கில் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவே இல்லை. 2023 ஜூன் 1 அன்றுதான் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றிலும் ஒன்றாகச் செல்லும் ஒருங்கிணைந்த காப்புரிமை நடப்புக்கு வந்தது. 2024 செப்டம்பரில் ருமேனியாவும் சேர்ந்து 18 நாடுகள் ஆயின.

அதன் ஆண்டுக் கட்டணத்தை ஏறத்தாழ நான்கு முக்கிய நாடுகளின் கட்டணத்துக்கு ஈடாக வைத்திருக்கிறார்கள். இரண்டே நாடுகள் போதும் என்பவர்களுக்குப் பழைய வழியே மலிவு. எங்களுக்கோ ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து, சுவீடன் ஐந்தும் தேவை.

பணக் கணக்கு எளிதாக முடிந்தது. பயம்தான் எங்களை நெடுநாள் அலைக்கழித்தது. ஒரே வழக்கில் தோற்றால் 18 நாடுகளிலும் உரிமை போய்விடும். வழக்கமான ஐரோப்பியக் காப்புரிமை என்றால், புதிய முறைக்கு மாறும் இடைக்காலத்தில் அதை, இந்த நாடுகளின் காப்புரிமை வழக்குகளுக்கென அமைந்த புதிய பொது நீதிமன்றத்தின் வரம்பிலிருந்து விலக்கி வைக்கலாம். ஒருங்கிணைந்த காப்புரிமைக்கு அந்த வழியில்லை. ஆனால் போலி செய்பவர் மீது ஐந்து நாடுகளில் தனித்தனியாக வழக்காட எங்களைப் போன்றவர்களால் ஒருபோதும் முடியாது. ஒரே தீர்ப்பு எல்லா இடத்திலும் செல்லும் என்பதே எனக்குப் பெரிய பலமாகத் தோன்றியது. அந்தப் பக்கமே நின்று வாதாடினேன்.

காப்புரிமை வழங்கிய அறிவிப்பு வெளியான ஒரு மாதத்துக்குள் ஒருங்கிணைந்த காப்புரிமைக்கான கோரிக்கை போய்ச் சேர வேண்டும். கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முழு ஆவணத்தின் மொழிபெயர்ப்பு வேண்டும். அதை அந்த ஒரு மாதத்துக்குள் தொடங்கி முடிப்பது கடினம். அதனால் இறுதி வாசகத்துக்கு ஒப்புதல் தரக் கிடைக்கும் நான்கு மாதங்களிலேயே தொடங்கிவிட்டோம். உரிமைக் கோரல்கள் (எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகங்கள்) எல்லா நாடுகளுக்கும் ஒன்றாகவே இருக்கின்றனவா என்பதையும் அப்போதே சரிபார்த்தோம். வேறுபட்டால் பதிவு கிடைக்காது.

ஆங்கில விண்ணப்பத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறெந்த அலுவல் மொழியிலும் பெயர்க்கலாம். நாங்கள் ஸ்பானிய மொழியைத் தேர்ந்தோம். ஸ்பெயின் இந்த ஏற்பாட்டில் இல்லை. அங்கே தனியாக உரிமை பெற எப்படியும் ஸ்பானிய மொழிபெயர்ப்பு தேவை. ஒரே செலவில் இரண்டு வேலையும் முடிந்தன. இந்த ஏற்பாட்டில் இல்லாத சுவிட்சர்லாந்துக்கு ஆங்கில ஆவணமே போதுமானதாக இருந்தது.

பதிவு கிடைத்துவிட்டது. மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான ஒன்பது மாத அவகாசம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.